கடலோர சதுப்புநில ஆராய்ச்சிக்கு வர்றவங்க எப்படி ஆரம்பிக்கணும், எப்படி நிலைக்கணும்

சதுப்புநிலத்தோட தரை வருஷத்துக்கு சில மில்லிமீட்டர்தான் உயரும். கடல்மட்டமும் இப்போ வருஷத்துக்கு 3, 4 மில்லிமீட்டர் கணக்குலதான் ஏறிக்கிட்டு இருக்கு. இந்த ரெண்டுல எது முந்துதுங்கறதைப் பொறுத்துதான் ஒரு உப்புச் சதுப்போ அலையாத்திக் காடோ பிழைக்குமா முழுகுமான்னு சொல்ல முடியும், அந்த மில்லிமீட்டர் வித்தியாசத்தை நீங்க அளக்கப் போறது தொடை வரைக்கும் புதையற சேத்துல நின்னுக்கிட்டு. ஒரு தடவை போய் அளந்துட்டு வந்தா ஒண்ணும் தெரியாது. அடுத்த வருஷம் அதே இடத்துக்கு, அதே குச்சிக்குப் பக்கத்துல, அதே மாதிரி அளக்கணும், அதுக்கடுத்த வருஷமும் போகணும். இந்தத் துறைல வேலை செய்யணும்னு நினைக்கறவங்க கிட்ட நான் மொதல்ல சொல்றது இதைத்தான், திரும்பத் திரும்ப ஒரே இடத்துக்குப் போறது உங்களுக்குப் பிடிக்குமான்னு பாத்துக்கோங்க, ஏன்னா மீதி எல்லாத்தையும் கத்துக்கலாம்.

என்ன படிக்கணும்னு கேட்டா, உயிரியல் மட்டும் படிச்சுட்டு வராதீங்க. செடி பேரும் நண்டு பேரும் களத்துல ரெண்டு சீசன்ல வந்துடும். ஆனா சேத்துக்குள்ள நடக்கற வேதியியல் புரியலைன்னா நீங்க பாக்கற எதுவும் ஏன் அப்படி இருக்குன்னு சொல்ல முடியாது. தண்ணி தேங்கின மண்ணுல ஆக்ஸிஜன் மேல இருக்கற சில மில்லிமீட்டர்லயே தீந்துடும், அதுக்கப்புறம் நுண்ணுயிரிங்க நைட்ரேட்டை எடுக்கும், அப்புறம் மாங்கனீஸ், அப்புறம் இரும்பு, அப்புறம் சல்ஃபேட், கடைசிலதான் மீத்தேன் உண்டாக்கற கூட்டம் வரும். கடல்தண்ணில சல்ஃபேட் ஏகப்பட்டது இருக்கறதால அந்த ஐஞ்சாவது கட்டத்துலயே பெரும்பாலான வேலை முடிஞ்சுடுது, அழுகின முட்டை வாசனை அங்கிருந்துதான் வருது, மீத்தேன் கம்மியா வர்றதும் அதனாலதான். உப்புத்தன்மை 18க்கு (ஆயிரம் பங்கு தண்ணில 18 பங்கு உப்பு) மேல போனா மீத்தேன் வெளியேற்றம் நல்லா குறைஞ்சுடுதுன்னு 2011ல பல இடத்து அளவுகளைத் தொகுத்துப் பாத்து சொன்னாங்க. அதே கடலோரத்துல ஆறு கலக்கற பக்கம் நன்னீர் கூடின சதுப்புல கதை வேற, அங்க மீத்தேன் கணக்கு பெருசா வரும். இந்த ஒரு வரிசை மனசுல உக்காந்துட்டா வேர் ஏன் மேல்நோக்கி மூச்சு விடுது, செடி ஏன் ஓடைக்கரைல மட்டும் உசரமா இருக்கு, ஒரு இடத்துல கார்பன் ஏன் ஆயிரக்கணக்கான வருஷம் அழுகாம கிடக்குது எல்லாத்துக்கும் பாதி பதில் கையில வந்துடும்.

அதோட கொஞ்சம் நீரோட்டவியல், கொஞ்சம் நில அளவை, நிறைய புள்ளியியல். ஆர் இல்லைன்னா பைத்தான், இந்த நிரல் மொழிங்கள்ல ஏதாவது ஒண்ணை முதல் வருஷத்துலயே கத்துக்கோங்க, எக்ஸெல்ல வண்டி ஓட்டிக்கிட்டே பிஎச்டி வரைக்கும் வந்து முழிக்கறவங்களை நிறைய பாத்துட்டேன்.

கேள்வி எப்படி கண்டுபிடிக்கறது? இதுக்குப் பழைய கதை ஒண்ணு சொல்றேன், இந்தத் துறைக்கு வர்ற எல்லாரும் தெரிஞ்சிருக்கணும். அமெரிக்காவோட ஜார்ஜியா கரைல சபேலோன்னு ஒரு தீவு. அங்க ஜான் டீல் உப்புச் சதுப்புல ஆற்றல் எப்படி ஓடுதுன்னு கணக்கு போட்டு 1962ல ஒரு கட்டுரை போட்டார், செடிங்க உண்டாக்கறதுல கிட்டத்தட்ட 45 சதவீதம் ஓதத்தோட வெளிய போயிடுதுன்னு. அங்கிருந்து யூஜின் ஓடம், சதுப்புநிலம்தான் பக்கத்துக் கடலுக்கே உணவு அனுப்புதுங்கற கருத்தைக் கொண்டு வந்தார். அது அவ்ளோ அழகான கருத்து, பாதுகாப்புக்கும் பயன்பட்டுது, எல்லாரும் பிடிச்சுக்கிட்டாங்க. அப்புறம் 1980ல ஸ்காட் நிக்சன் அதுவரைக்கும் வந்த அளவுகள் எல்லாத்தையும் உக்காந்து கூட்டிப் பாத்தா, சில சதுப்பு வெளிய அனுப்புது, சிலது உள்ள வாங்கிக்குது, எல்லா இடத்துக்கும் ஒரே பதில் இல்லைன்னு தெரிஞ்சுது. டீல் கணக்கு தப்புன்னு ஆயிடல, அவர் அளக்காத இடத்துக்கும் அதை நீட்டினதுதான் பிரச்சனை.

அதே சபேலோல இன்னொண்ணு. சதுப்புப் புல் எவ்ளோ வளரும்ங்கறதை சத்தும் உப்பும்தான் தீர்மானிக்குது, மேயறதுங்களுக்கு அதுல பெரிய பங்கில்லைன்னு ரொம்ப நாளா பாடமாவே சொல்லிக்கிட்டு இருந்தாங்க. பிரையன் சில்லிமனும் மார்க் பெர்ட்னஸும் என்ன பண்ணாங்க, கம்பி வலைக்கூண்டு கட்டி சிலதுல நத்தையை எடுத்துட்டாங்க, சிலதுல அடர்த்தியா விட்டாங்க. நத்தை அதிகமா இருந்த கூண்டுல எட்டே மாசத்துல பச்சைப் புல்வெளி வெறும் சேறா ஆயிடுச்சு. 2002ல வந்தது அது. அப்போ அந்த நத்தையைத் தின்னுற நீல நண்டு குறைஞ்சா என்ன ஆகும்னு அடுத்த கேள்வி தானா வந்து நிக்குது. யாராவது "இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே"ன்னு சொன்னா, அதை எப்போ, எங்க, யாரு கூண்டு போட்டுப் பாத்தாங்கன்னு தேடுங்க, பல நேரம் யாரும் பாத்திருக்க மாட்டாங்க, உங்க பிஎச்டி அங்க கிடக்கும்.

பழைய கட்டுரை தேடும்போது ஒரு சின்ன விஷயம், இந்த உப்புச் சதுப்புப் புல்லோட பேரை ஸ்பார்டினாவுல இருந்து ஸ்போரோபோலஸ்னு 2014ல மாத்தினாங்க, எல்லாரும் ஏத்துக்கல, ரெண்டு பேருலயும் கட்டுரை வந்துக்கிட்டு இருக்கு. ரெண்டையும் போட்டுத் தேடலைன்னா பாதி உங்க கண்ணுல படாது.

இப்போ இடம். இதுக்குத்தான் நிறைய யோசிக்கணும், ஆனா நிறைய பேர் வண்டி நிறுத்த வசதியா இருக்குன்னு இடம் பிடிச்சுடறாங்க. போக வசதி முக்கியம்தான், அதை நான் மறுக்கல, மூணு மணி நேரம் படகுல போற இடத்துக்கு வருஷத்துக்கு பன்னெண்டு தடவை போக உங்களால முடியாது. ஆனா அதுக்கு முன்னாடி கேக்க வேண்டியது, இந்த இடத்துக்குப் பத்து வருஷம் கழிச்சும் யாராவது வர முடியுமா, நிலம் யார் கையில இருக்கு, அனுமதி யார் தர்றாங்க, பக்கத்துல ஓத அளவி இருக்கா, முன்னாடி யாராவது இங்க ஏதாவது அளந்து வச்சிருக்காங்களா. கடைசிக் கேள்விக்கு ஆமான்னு பதில் வந்தா அந்த இடத்தை விடாதீங்க, முப்பது வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தர் விட்டுட்டுப் போன செடி உசரக் கணக்கு உங்களோட மூணு வருஷத்தை முப்பத்து மூணா ஆக்கிடும்.

ஏன் இவ்ளோ வருஷம்னு கேக்கறவங்களுக்கு ரெண்டு சோதனை சொல்றேன். அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் பக்கம் பிளம் தீவுல லிண்டா டீகனும் கூட இருந்தவங்களும் முழு ஓடைக்கே ஒன்பது வருஷம் உரச்சத்து கலந்து விட்டாங்க. ஆரம்பத்துல புல் உசரமா செழிப்பாதான் இருந்துச்சு, அந்தக் கட்டத்துல நிறுத்தியிருந்தா சதுப்புக்கு உரம் நல்லதுன்னு எழுதிட்டுப் போயிருப்பாங்க. ஆனா கீழ வேர் குறைஞ்சுக்கிட்டே வந்து, மண்ணு மக்கிப் போய், ஓடைக்கரைங்க பிளந்து சரிஞ்சு விழ ஆரம்பிச்சுது, 2012ல நேச்சர் ஆய்விதழ்ல அது வந்தப்போ எல்லாருக்கும் அதிர்ச்சி. இன்னொண்ணு மேரிலாந்துல ரோட் ஆத்தங்கரைல, ஸ்மித்சோனியன் ஆராய்ச்சி நிறுவனத்துல 1987ல பெர்ட் டிரேக் ஆரம்பிச்ச சோதனை, மேல திறந்த கூண்டுக்குள்ள கார்பன் டை ஆக்ஸைடை அதிகமா விட்டு செடி எப்படி வளருதுன்னு பாக்கறது. பல வருஷம் வளர்ச்சி கூடிக்கிட்டு இருந்துச்சு. 33 வருஷக் கணக்கைப் பாத்தப்போ பின்பாதில அந்தக் கூடுதல் வளர்ச்சி காணாமப் போயிருந்துச்சு, கடல்மட்டம் ஏறி வேர் அதிக நேரம் தண்ணில மூழ்கினதுதான் காரணம். மூணு வருஷத்துல முடிக்கற சோதனைல இது எப்படி தெரியும்?

வானத்துலயும் ஒரு காரணம் இருக்கு. பௌர்ணமி, அமாவாசை ஓதம் எல்லாருக்கும் தெரியும், ஆனா நிலாவோட பாதை 18.6 வருஷத்துக்கு ஒரு சுத்து மாறுது, அதோட உச்ச ஓதத்தோட உசரமும் மாறும். நீங்க அளக்கற அஞ்சு வருஷம் அந்தச் சுத்துல ஏறுமுகத்துல விழுந்தா சதுப்பு முழுகுதுன்னும் இறங்குமுகத்துல விழுந்தா சதுப்பு தப்பிச்சுதுன்னும் எழுதிடுவீங்க.

தரை உசரம் அளக்கறதுக்கு இப்போ உலகம் பூரா பயன்படுத்தறது ஆர்செட்னு சொல்ற கருவி. துருப்பிடிக்காத எஃகுக் கம்பியை ஒண்ணோட ஒண்ணு திருகி, இனிமே இறங்காதுங்கற வரைக்கும் அடிச்சு இறக்கணும், சில இடத்துல இருபது மீட்டருக்கு மேலயும் போகும். தலைல சிமெண்ட் போட்டு நிலையா வச்சுட்டா அது உங்க அளவுக்கல். ஒவ்வொரு தடவையும் அதுமேல கருவியோட கையைப் பொருத்தி, நாலு திசைல திசைக்கு ஒன்பது ஊசி, மொத்தம் 36 ஊசியை சேத்து மேல தொட்ற மாதிரி இறக்கி மிச்ச நீளத்தை அளக்கணும். பக்கத்துலயே வெள்ளை ஃபெல்ட்ஸ்பார் பொடியைத் தூவி ஒரு அடுக்கு வச்சுடுவாங்க, அதுமேல எவ்ளோ வண்டல் படியுதுன்னு அப்புறம் சின்னதா வெட்டிப் பாத்தா தெரியும். மேல 5 மில்லிமீட்டர் படிஞ்சு தரை 2 மில்லிமீட்டர்தான் உயர்ந்திருந்தா மீதி 3 மில்லிமீட்டர் கீழ இருக்கற மண்ணுல அமுங்கியிருக்கு. இந்த ரெண்டு எண்ணும் சேந்தாதான் அர்த்தம், வண்டல் மட்டும் அளந்து சதுப்பு உயருதுன்னு எழுதாதீங்க. அஞ்சு வருஷத்துக்குக் குறைஞ்ச தொடரை வச்சு போக்கு சொல்லவும் வேண்டாம்.

முக்கியமானது, அந்த இடத்துல கால் வைக்காதீங்க. ஒரு காலடி சில செண்டிமீட்டர் அமுக்கிடும், நீங்க தேடறது மில்லிமீட்டர். மொத நாளே ரெண்டு பக்கமும் தாங்கி அடிச்சு பலகை போட்டுடுங்க, எல்லா வேலையும் பலகை மேல நின்னுதான். ஒரே ஆள் ஊசியைத் தொடர்ந்து படிக்கறது நல்லது, ஏன்னா சேத்தோட மேற்பரப்பு எங்க ஆரம்பிக்குதுன்னு ஆளுக்கு ஆள் கண்ணு மாறும். ஆள் மாறியே ஆகணும்னா ஒரு தடவை ரெண்டு பேரும் படிச்சு வித்தியாசத்தை எழுதி வச்சுக்கோங்க.

களத்துக்குப் போற நாளைப் பத்தி. ஓத அட்டவணை பாக்காம வீட்டை விட்டுக் கிளம்பக் கூடாது, அதுவும் வேலையை இறங்குற தண்ணில ஆரம்பிங்க, ஏறும்போது ஆரம்பிச்சா திரும்பற வழி ஓடைல போயிடும். காத்து கரைப்பக்கம் அடிச்சா அட்டவணைல இருக்கறதை விட தண்ணி சீக்கிரம் வரும், கூடவும் வரும். தனியாப் போகாதீங்க, எத்தனை மணிக்குத் திரும்புவீங்கன்னு கரைல ஒருத்தருக்குத் தெரிஞ்சிருக்கணும். சேத்துல சிக்கினா காலை நேரா மேல இழுக்காதீங்க, அப்படி இழுத்தா அடில வெற்றிடம் உண்டாகி இன்னும் பிடிக்கும், பின்னால சாஞ்சு உக்காந்து எடையைப் பரப்பிக்கிட்டு காலை மெதுவா ஆட்டி ஆட்டி காத்தோ தண்ணியோ உள்ள போக விட்டு எடுக்கணும். உடம்புல வெட்டுக்காயம் இருந்தா அன்னிக்கு தண்ணில இறங்காதீங்க, வெதுவெதுப்பான உப்பு கலந்த தண்ணில விப்ரியோ பாக்டீரியா இருக்கும், அதுல ஒரு வகை காயம் வழியா உள்ள போனா ரொம்ப வேகமாப் பரவும், களத்துல சிப்பி கீறினாலும் உடனே நல்லதண்ணில கழுவி மருந்து போடணும், வீக்கமோ காய்ச்சலோ வந்தா காத்திருக்காம டாக்டர்கிட்ட தண்ணில இருந்தேன்னு சொல்லிக் காட்டுங்க.

நனையாத தாள், பென்சில். பேனா வேண்டவே வேண்டாம். நான் ஆரம்பத்துல ஒரு சீசன் பூரா எடுத்த சாம்பிள் பையில மார்க்கர்ல வெளிய மட்டும் எழுதி உறைநிலைப் பெட்டில போட்டேன், மூணு மாசம் கழிச்சு எடுத்தப்போ பாதிப் பைல எழுத்து இல்ல, எது எந்த பிளாட்னு, அதாவது அளக்கறதுக்குக் குறிச்சு வச்ச எந்தத் துண்டு நிலம்னு சொல்ல முடியாம அத்தனையையும் தூக்கிப் போட வேண்டியதாச்சு. அன்னில இருந்து பையோட உள்ள ஒரு பென்சில் சீட்டு, வெளிய ஒரு எழுத்து, நோட்டுல ஒரு வரி, சாயங்காலமே நோட்டைப் போட்டோ. இதுல ஒண்ணு விட்டாலும் எனக்குத் தூக்கம் வராது.

மண் கோர் எடுக்கறது பாக்க ஈசி, தப்பு பண்றதும் ஈசி. குழாயை அடிச்சு இறக்கும்போது உள்ள இருக்கற மண்ணு அமுங்கும், அதனால வெளிய எடுக்கறதுக்கு முன்னாடி குழாய்க்கு உள்ள மண்மட்டம் எவ்ளோ ஆழம், வெளிய எவ்ளோன்னு ரெண்டையும் அளந்து வித்தியாசத்தை எழுதணும். இதை விட்டுட்டா கார்பன் கணக்கு முழுசும் சாயும், ஏன்னா கார்பன் இருப்புங்கறது அடர்த்தி, கார்பன் பங்கு, ஆழம் மூணையும் பெருக்கறதுதான். பாதி உருளையா வெட்டற ரஷ்யன் கோரர்னு ஒண்ணு இருக்கு, மென்மையான கரி மண்ணுக்கு அதுல அமுக்கம் ரொம்பக் கம்மி, கிடைச்சா அதையே எடுங்க. லேப்ல காயவச்சு எடை போட்டு, 550 டிகிரில நாலு மணி நேரம் எரிச்சா எவ்ளோ எடை குறைஞ்சுதோ அதுதான் கரிமப் பொருள், அது முழுக்க கார்பன் இல்ல, கார்பனா மாத்தறதுக்கு உங்க மண்ணுல கொஞ்சம் சாம்பிளை நேரடியா அளந்து சமன்பாடு போடுங்க, அடுத்தவங்க சமன்பாட்டை எடுக்கறது கடைசி வழி. மண்ணோட வயசு கண்டுபிடிக்க கதிரியக்கம் உள்ள ஈயம் 210, அரை ஆயுள் 22 வருஷத்துக்குக் கொஞ்சம் மேல, அதனால நூறு வருஷம் வரைக்கும் நம்பலாம். சீசியம் 137 அணுகுண்டு சோதனைகளால 1963ல உச்சம் தொட்டுது, கோர்ல அந்த உச்சம் எங்க இருக்குன்னு பாத்து ஈயக் கணக்கைச் சரிபாத்துக்கலாம். நண்டு வளை தோண்டின இடத்துல மண்ணு மேலயும் கீழயும் கலந்திருக்கும், அந்த கோரை வயசு பாக்க அனுப்பி காசை வீணாக்காதீங்க.

புள்ளியியல்ல ஒரே ஒரு விஷயம் சொல்றேன், மத்ததை யாராவது சொல்லிக் கொடுப்பாங்க. ஒரே ஓடைக்கரைல பத்து சாம்பிள் எடுத்தா அது பத்து ஆகாது, ஒண்ணுதான். ஹர்ல்பர்ட்ங்கற சூழலியலாளர் 1984லயே இதை விளக்கி எழுதிட்டார், இன்னும் மறுஆய்வுக்கு வர்ற கட்டுரைல பாதிக்கு இதைத்தான் திரும்ப எழுதறேன். ரெண்டு சதுப்பை ஒப்பிட்டு, ஒண்ணுல கழிவுநீர் வருது ஒண்ணுல வரலைன்னு சொல்லி வர்ற வித்தியாசம் எல்லாம் கழிவுநீராலன்னு முடிக்காதீங்க, அந்த ரெண்டு இடமும் நூறு விஷயத்துல வேற வேற.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கறப்போ அவரோட கட்டுரை எண்ணிக்கையை விட அவர்கிட்ட படிச்சு முடிச்சவங்ககிட்ட பேசுங்க. எத்தனை வருஷம் ஆச்சு, களத்துல கூட வந்தாரா, டேட்டா யாருக்குச் சொந்தம்னு முதல்லயே பேசினாங்களா, பேரு எந்த வரிசைல போட்டாங்க, இப்போ என்ன வேலைல இருக்காங்க. சேத்துல நீங்க அழுதுக்கிட்டு நிக்கற ஒரு நாள் வரும், அன்னிக்கு போன் எடுக்கற ஆளா இருக்கணும். சேர்றதுக்கு முன்னாடி ஒரு சீசன் களப் பணியாளரா வேலை பாக்க முடிஞ்சா கண்டிப்பா பாருங்க, கொசு, வெயில், நாத்தம், பதினாலு மணி நேர நாள் இதெல்லாம் உங்களுக்கு ஒத்து வருதான்னு மூணு மாசத்துல தெரிஞ்சுடும், ஒத்து வரலைன்னா ரிமோட் சென்சிங், மாடலிங்னு இதே சதுப்பைப் பத்தி ஆராய வேற நல்ல வழி இருக்கு, அதுல குறைச்சல் எதுவும் இல்ல.

நிதிதான் கஷ்டமான பகுதி. மானியம் ரெண்டு மூணு வருஷத்துக்குத்தான் வரும், சதுப்பு முப்பது வருஷம் கேக்குது. பலர் பண்றது என்னன்னா, ஒவ்வொரு மானியத்துக்கும் ஒரு புதுக் கேள்வி எழுதி, ஆனா அதை அதே பிளாட்லயே வச்சு, அடிப்படை அளவுகள் தொடர்ந்து ஓடற மாதிரி பாத்துக்கறது. அந்த அடிப்படை அளவுகள் செலவு கம்மியா இருக்கணும், தரை உசரம், செடி உசரமும் அடர்த்தியும், உப்புத்தன்மை, ஒரே கோணத்துல போட்டோ, அவ்ளோதான். ஒரு வருஷம் காசே வரலைன்னாலும் ரெண்டு பேர் ரெண்டு நாள்ல முடிக்கற மாதிரி வச்சுக்கோங்க. 2009க்கு அப்புறம் கடலோரச் சதுப்பும் அலையாத்தியும் சேத்து வைக்கற கார்பனுக்கு நீலக் கார்பன்ங்கற பேரு வந்து இந்தத் துறைக்குக் காசு வர ஆரம்பிச்சுது, அதை வேண்டாம்னு சொல்ல மாட்டேன், ஆனா பெரிய எண் கேட்டு வர்றவங்க கிட்ட உங்க பிளாட்டோட எண்ணை கூடவே பிழை அளவோட கொடுங்க, மீத்தேனைக் கழிச்சுக் கொடுங்க.

வேலை பல்கலைக்கழகத்துல மட்டும் இல்ல. அரசுத் துறை, ஆலோசனை நிறுவனம், மீட்டெடுப்பு பண்ற அமைப்புங்க எல்லாத்துக்கும் சேறு தெரிஞ்ச ஆள் வேணும். மீட்டெடுப்புல உங்க அறிவு நேரடியா உதவும். அலையாத்தி நடறோம்னு வெறும் சேத்துத்திட்டுல வரிசையா நட்டு, தண்ணி அதிக நேரம் நிக்கற இடம்ங்கறதால மொத்தமும் செத்துப்போன திட்டங்கள் உலகம் பூரா இருக்கு. ராபின் லூயிஸ் 2005ல எழுதினதோட சாரம், மொதல்ல தண்ணி போகவர வழியையும் தரை உசரத்தையும் சரிபண்ணுங்க, பக்கத்துல தாய்மரம் இருந்தா விதை தானே வந்து சேரும். நடறதுக்கு முன்னாடி ஒரு வருஷம் அந்த இடத்துல தண்ணி எத்தனை மணி நேரம் நிக்குதுன்னு அளங்கன்னு சொல்ற ஆளா நீங்க அந்தக் கூட்டத்துல உக்காந்திருந்தாலே பெரிய விஷயம். அதே மாதிரி அங்க மீன், நண்டு பிடிக்கறவங்க கிட்ட பேசாம பிளாட் போடாதீங்க, எந்த ஓடை எப்போ திசை மாறுச்சு, எந்தப் பக்கம் மரம் இருந்துச்சுன்னு எந்த செயற்கைக்கோள் படத்துக்கும் முன்னாடி இருந்து அவங்களுக்குத் தெரியும், அவங்க சொன்னது கட்டுரைல பயன்பட்டா அதை எழுதுங்க, முடிவையும் அவங்ககிட்ட திரும்பப் போய் சொல்லுங்க.

கடைசியா, நீங்க கிளம்பற நாள். பிஎச்டி முடிஞ்சு வேற ஊருக்குப் போறப்போ அவசரமா மூட்டை கட்டாதீங்க. ஒவ்வொரு பிளாட்டுக்கும் துல்லியமான ஜிபிஎஸ் எண், எந்த உயரக் குறியீட்டை வச்சு அளந்தீங்க, வழி எப்படி, எந்த ஓடையை எந்த ஓதத்துல தாண்டணும், எந்த ஊசி நண்டு வளைல விழும், எந்த வருஷம் கருவி மாத்தினீங்க எல்லாத்தையும் உங்களைத் தெரியாத ஒருத்தருக்கு எழுதற மாதிரி எழுதுங்க, டேட்டாவை பொதுக் களஞ்சியத்துல போடுங்க. அப்புறம் கடைசித் தடவை போகும்போது இத்துப் போன குச்சிங்களை மாத்தி அடிச்சு, ஒவ்வொரு பிளாட்லயும் நாலு திசைக்கும் போட்டோ எடுத்து, அடுத்து வரப்போற மாணவரைக் கூட கூட்டிட்டுப் போய் 36 ஊசியையும் அவரையே படிக்க விட்டு நீங்க எழுதிக்கோங்க.